பழைய செடான், புது நடை

2007 மார்ச்சில், சென்னைக்குத் தெற்கே சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் உள்ள மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ தன் இந்திய ஆலையைத் திறந்தது. அங்கே முதன்முதலாகப் பூட்டப்பட்ட கார்களில் 3 சீரிஸ் செடானும் ஒன்று. அந்தத் தலைமுறைக்கு நிறுவனம் வைத்த குறியீடு ஈ90. ஜெர்மனியில் 2005-இல் அறிமுகமாகி, 2012-இல் அடுத்த தலைமுறைக்கு வழிவிட்ட கார் அது. இன்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகும். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் யோசிக்காமல் திரும்பும். கார் ஓட்டுவதை ரசிப்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் பிடித்து வாங்குவது இதற்காகத்தான். 320டி, 325ஐ என்று இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்துவிட்ட அந்தக் கார்கள் இப்போது தமிழ்நாட்டின் எல்லா நகரங்களிலும் கண்ணில் படுகின்றன.

வாங்கியவரின் மகிழ்ச்சி பல நேரங்களில் முதல் நெடுஞ்சாலைப் பயணம் வரைக்கும்தான். வேகம் 100-ஐத் தொட்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம். நேராகப் போகும் சாலையிலும் கார் லேசாக ஒரு பக்கம் ஒதுங்குகிறது, திருத்தினால் மறுபக்கம் போகிறது. டயரைக் கழற்றிப் பார்த்தால் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது.

நடுக்கத்துக்குப் பெரும்பாலான பட்டறைகளில் சொல்லப்படும் முதல் காரணம், “டிஸ்க் வளைஞ்சிருக்கு சார்.” டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கிறார்கள், அல்லது புதிதாகவே போடுகிறார்கள். சில வாரம் நன்றாக இருக்கிறது. பிறகு அதே நடுக்கம். அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் கார் போய்ச் சேரும்போதுதான் உண்மை வெளியே வருகிறது: “டிஸ்க்குல ஒண்ணும் இல்லங்க. ஆர்ம் புஷ்ஷு போயிடுச்சு. பிரேக் பிடிக்கிறப்போ வீலு முன்னபின்ன ஆடுது.”

டிஸ்க்கில் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வு எந்தக் காரிலும் இருக்கும். புஷ் நல்ல நிலையில் இருக்கும்வரை அந்த அதிர்வை விழுங்கிக்கொள்ளும். புஷ் கிழிந்ததும் விழுங்க ஆள் இல்லாமல் அதே அதிர்வு ஸ்டீயரிங்குக்கு ஏறிவருகிறது. புது டிஸ்க் போட்டதும் கொஞ்ச நாள் குணமானதுபோல் தெரிவதற்கும், காசு செலவழித்த பிறகும் நோய் திரும்பி வருவதற்கும் இதுதான் காரணம்.

புஷ் என்பது எளிய பொருள். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒரு கூடு, இரண்டுக்கும் நடுவே உலோகத்தோடு ஒட்டி வேகவைத்த ரப்பர். தலைக்கும் பாரத்துக்கும் நடுவே வைக்கும் சும்மாடுபோல, சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்முக்கும் காரின் உடலுக்கும் நடுவே அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஈ90-இல் முன்னும் பின்னுமாகச் சேர்த்தால் இப்படி இருபதுக்குக் குறையாத ரப்பர் மூட்டுகள் இருக்கும். சைலன்ட் பிளாக் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதும் இதே இனம்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்த ரப்பர் எதன்மீதும் உரசிச் சுழல்வதில்லை. சக்கரம் மேலே ஏறும்போது ரப்பர் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது. இறங்கும்போது மறுபக்கம் முறுக்கிக்கொள்கிறது. எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம், சத்தம் கிடையாது. ஆனால் முறுக்குக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தினமும் தாண்டினால் ரப்பர் உள்ளிருந்து கிழிகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் வெளியிலிருந்து வெடிக்கவைக்கின்றன. இன்ஜினிலிருந்து ஒழுகும் ஆயில் பட்டால் ஊறி, கொழகொழத்துப் போகிறது.

ஈ90-இன் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே இரண்டு அலுமினிய ஆர்ம்கள். ஒன்று குறுக்காகப் போகிறது, மற்றொன்று சாய்வாக. சாய்வாகப் போகும் ஆர்ம்தான் பிரேக்கின் விசையைத் தாங்குகிறது. அதன் புஷ் சாதாரண ரப்பர் இல்லை, உள்ளே திரவம் அடைத்தது. ரப்பருக்குள் இரண்டு சிறு அறைகள், அவற்றை இணைக்கும் ஒரு குறுகிய வழி. சக்கரம் அதிரும்போது திரவம் ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளப்பட்டு, அந்தக் குறுகிய வழியில் திணறியே அதிர்வைத் தணிக்கிறது. மேல்தட்டு செடானில் குண்டும்குழியும் காதுக்கு எட்டாமல் போவதில் இந்தச் சிறு பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அது கெட்டுப்போனால் எப்படி இருக்கும்? காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். புஷ்ஷைச் சுற்றி ஆர்ம்மீது கருமையான பிசுபிசுப்பு வழிந்திருக்கும். அதன்மேல் சாலைத் தூசி படிந்து, தார் பூசியதுபோல் இறுகியிருக்கும். துணியால் துடைத்துவிட்டு நெம்புகம்பியை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்து அழுத்தினால், ரப்பரில் ஒரு பிளவு வாய் திறக்கும். நல்ல புஷ் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கொடுத்து, விட்டதும் மெதுவாகத் திரும்பும். போன புஷ்ஷில் நடுக்குழாய் தடையில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து கூட்டை முட்டும். ஸ்பீட் பிரேக்கரில் கேட்ட ‘டக்’ அதுதான்.

மென்மை ஒரு குறையா?

தேய்ந்ததை மாற்றவேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைக்கொண்டு மாற்றுவது என்பதில்தான் இரண்டு கட்சிகள். “கம்பெனி போட்ட ரப்பர் மென்மையானது, அதனால்தான் கார் ஆடுகிறது; எல்லா இடத்திலும் கெட்டியான புஷ் போட்டுவிடு” என்பது ஒரு கட்சி. கம்பெனி வைத்த மென்மையைக் காப்பாற்ற வேண்டும் என்பது மற்றொன்று. ஆர்வக்கோளாறில் பல நல்ல கார்கள் கெட்டது முதல் கட்சியின் பேச்சைக் கேட்டுத்தான்.

மென்மை பல இடங்களில் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. சக்கரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது சில மில்லிமீட்டராவது பின்னால் நகர வேண்டும். நகராவிட்டால் அடி முழுக்க உடலுக்குப் போகும். ஆனால் பக்கவாட்டில் அதே சக்கரம் அசையக் கூடாது. அசைந்தால் வளைவில் கார் தடுமாறும். ஒரே ரப்பர் ஒரு திசையில் இளகியும் மறுதிசையில் இறுகியும் இருக்க வேண்டும். இதற்காகவே பொறியாளர்கள் ரப்பரில் பிறைவடிவத் துளைகள் விடுகிறார்கள், உள்ளே தகடுகள் வைக்கிறார்கள்.

இந்தக் கலையின் புகழ்பெற்ற சான்று 1977-இல் வந்த போர்ஷே 928. வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலேட்டரை விட்டால், அந்தக் காலத்து வேகக் கார்களின் பின்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பிக் காரைச் சுழற்றிவிடும். போர்ஷே தன் ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊரின் பெயரால் வைசாக் ஆக்சில் என்ற ஒன்றை உருவாக்கியது. பின் ஆர்மின் மூட்டு விசைக்கு இணங்கி அசையும். அந்த அசைவே சக்கரத்தை உள்பக்கமாகத் திருப்பும். அதாவது, மூட்டின் நெகிழ்வையே பாதுகாப்பாக மாற்றினார்கள். 1991-இல் வந்த சித்ரோயன் இசட்எக்ஸ் இன்னும் ஒரு படி போனது. அதன் பின் ஆக்சில் முழுவதும் கணக்குப் பார்த்து வைத்த ரப்பர்கள்மேல் உட்கார்ந்திருக்கும். வளைவில் அந்த ரப்பர்கள் நெகிழ்ந்து, முன்சக்கரங்கள் திரும்பும் திசையிலேயே பின்சக்கரங்களையும் துளியளவு திருப்பும். மோட்டார் இல்லை, கணினி இல்லை, ரப்பர் மட்டும். அந்தக் காரில் போய்க் கெட்டியான புஷ் போட்டால், பொறியாளர் வைத்த ஸ்டீயரிங்கையே பிடுங்கி எறிந்ததாகிவிடும்.

ஈ90-இன் பின்பக்கமும் இந்தப் பள்ளியைச் சேர்ந்ததுதான். ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து இணைப்புகள் பிடிக்கின்றன. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில் வளைகிறது. மூட்டுகள் முறுக்குவதோடு நிற்பதில்லை, பக்கவாட்டிலும் சாய்கின்றன. இந்தச் சாய்வுக்கு ரப்பர் இடம் கொடுக்கும். எல்லாப் பொருளும் இடம் கொடுக்காது.

என்ன இருக்கிறது சந்தையில்

முதல் வழி, காருக்கு முதலில் வந்த அதே தரத்தில் புது ரப்பர். இது அப்கிரேடே இல்லை என்று பலர் ஒதுக்குவார்கள். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று கிடைப்பது அரிது. பழைய புஷ்ஷின் ஆட்டத்துக்கே பழகிப்போனவர், புது ரப்பர் போட்ட காரை முதன்முறை வளைவில் விடும்போதுதான் ஷோரூமிலிருந்து வந்த நாளில் அது எப்படி ஓடியிருக்கும் என்று உணர்வார்.

இரண்டாவது வழி, ஈ90 வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதே உடலில் பிஎம்டபிள்யூவின் எம் பிரிவு 2008-இல் எம்3 செடானைக் கொண்டுவந்தது. 4 லிட்டர் வி8 இன்ஜின், 420 குதிரைத்திறன். அந்தச் சக்தியைத் தாங்க முன் ஆர்ம்களைத் தனியாகச் செய்தார்கள், மூட்டுகளைக் கெட்டிப்படுத்தினார்கள். பின்சக்கர ஓட்டம் கொண்ட சாதாரண ஈ90-இல் அந்த ஆர்ம்கள் அப்படியே பொருந்தும். வெல்டிங் இல்லை, அறுப்பு இல்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு ஆர்ம்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நான்கு சக்கர ஓட்டம் கொண்ட எக்ஸ்டிரைவ் வகைக்கு இவை பொருந்தாது.

இந்த ஆர்ம்களால் இன்னொரு பலன். முன்சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு, அதாவது நெகடிவ் கேம்பர், கூடுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த ஈ90-இல் இந்தச் சாய்வு மிகக் குறைவு. வேகமான வளைவில் உடல் சாயும்போது முன் டயர் வெளிவிளிம்பில் நின்று, முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும். சாய்வு கூடினால் டயர் முழு அகலத்தில் சாலையைப் பிடிக்கிறது. கொல்லிமலை ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுகளை அடுத்தடுத்து எடுப்பவருக்கு வித்தியாசம் தெரியும். ஒரு பெரிய நிறுவனம் தன் காருக்கே சோதித்துச் செய்த பாகம் என்பதால், சொகுசைப் பெரிதாகக் கெடுக்காமல் துல்லியத்தைத் தருகிறது. முன்பக்கத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவது, பாலியூரித்தேன். ஜெர்மனியின் லெவர்குசனில் 1937-இல் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவும் கண்டறிந்த பொருள். பிரிட்டனின் பவர்ஃப்ளெக்ஸ், ஆஸ்திரேலியாவின் வைட்லைன், சூப்பர்புரோ ஆகியவை இதில் புஷ் செய்யும் பெயர்பெற்ற நிறுவனங்கள். ரப்பர் புஷ்ஷின் கடினம் ஷோர் ஏ அளவில் பொதுவாக 50 முதல் 70 வரை. பாலியூரித்தேன் 80 முதல் 95 வரை. ஆயிலும் வெயிலும் இதை எளிதில் தொடாது. ரப்பர்போல உலோகத்தோடு ஒட்டியிருப்பதும் இல்லை. இரும்புக் குழாய்மீது வழுக்கிச் சுழல்கிறது. அதனால் கிரீஸ் வேண்டும். தரமான கிரீஸ் போடாமல் பூட்டினால் சில மாதத்தில் கீச்கீச்சென்று கத்த ஆரம்பிக்கும்.

சுழற்சி மட்டுமே இருக்கும் மூட்டிலும், பெரிதாக அசையவே வேண்டாத மூட்டிலும் பாலியூரித்தேன் பிரமாதம். ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் புஷ், பின் இணைப்புகளைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமை உடலோடு பிணைக்கும் புஷ் போன்ற இடங்களில் தாராளமாகப் போடலாம். பல திசையில் சாயும் பின் இணைப்புகளில் போட்டால் கதை வேறு. சாய இடம் கொடுக்காமல் மூட்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் செய்யவேண்டிய வேலையைப் புஷ் தடுக்கும். கார் கெட்டியானதுபோல் தோன்றும். உண்மையில் சக்கரம் சாலையைவிட்டு எழும்பிக் குதித்துக்கொண்டிருக்கும்.

நான்காவது, ரப்பரே இல்லாத உருண்டை பேரிங். பந்தயக் காருக்கு உரியது. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் ஓடுதளத்தில் நேரத்தைக் குறைக்க அது உதவும். தூசியும் மழைத்தண்ணீரும் புகுந்தால் சீக்கிரம் தேய்ந்து கடகடக்கும். தினம் அலுவலகம் போகும் காரில் அதைப் போடுவது வீண் தொல்லை.

இவற்றுக்கு வெளியே நம் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு: பழைய புஷ்ஷை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அதே அளவில் நைலான் கடைந்து வாங்குவது. மோட்டார் சைக்கிளின் ஸ்விங் ஆர்முக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஒன்றரை டன் செடானின் பிரேக் விசையைத் தாங்கும் மூட்டில் அதைச் செய்யவே கூடாது. நைலான் நெகிழாது, அடி அப்படியே அலுமினிய ஆர்முக்கும் அதைப் பிடிக்கும் போல்ட்டுக்கும் போகும். ரப்பர் கிழிந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும். அலுமினியம் விரிசல் விட்டால் எச்சரிக்காது.

பின்பக்கத்தின் ரகசியம்

முன்பக்கம் சரியான பிறகும் ஈ90 உரிமையாளர்கள் பலர் ஒரு குறை சொல்வார்கள். வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் காரின் பின்பகுதி தனியாக ஒரு அடி நகர்ந்து வருவதுபோல் இருக்கிறது. வெளிநாடுகளில் 300 குதிரைத்திறனுக்கு மேல் தந்த 335ஐ வைத்திருந்தவர்கள் இதைத்தான் அதிகம் பேசினார்கள். காரணம், பின்சக்கரங்களின் எல்லா இணைப்புகளையும் தாங்கும் சப்ஃபிரேம் நான்கு பெரிய ரப்பர் புஷ்கள் வழியாகவே உடலோடு சேர்கிறது. டிஃபரென்ஷியலின் இரைச்சல் உள்ளே கேட்காமலிருக்க அந்தப் புஷ்களில் பெரிய வெற்றிடங்கள் விட்டிருக்கிறார்கள். இன்ஜின் உதைக்கும்போது சப்ஃபிரேம் முழுவதுமே சற்று நெளிகிறது.

இதற்கு எம்3-இன் கெட்டியான சப்ஃபிரேம் புஷ்களைப் போடுவது நல்ல தீர்வு. உழைப்பு அதிகம், சப்ஃபிரேமை இறக்கி, பழையதைப் பிரஸ் வைத்துத் தள்ளி, புதியதை ஏற்ற வேண்டும். அவ்வளவு வேண்டாம் என்பவர்களுக்கு, பழைய புஷ்ஷின் வெற்றிடங்களில் செருகும் பாலியூரித்தேன் துண்டுகள் கிடைக்கின்றன. ஓரிரு மணி நேர வேலை, பலன் கையில் தெரியும். பழைய ரப்பர் கிழிந்திருந்தால் மட்டும் இந்தச் செருகல் உதவாது.

எப்படிப் பூட்டுகிறார்கள் என்பதே பாதி வேலை

விலையுயர்ந்த புஷ் வாங்கிப்போட்டும் ஒரு வருடத்தில் கிழிந்தது என்று சொல்பவர்களின் கார்களில், பெரும்பாலும் பாகத்தில் தவறு இருக்காது. பூட்டிய விதத்தில்தான் இருக்கும்.

கார் லிஃப்டில் தொங்கும்போது சக்கரங்கள் கீழே இறங்கிக் கிடக்கும். அந்த நிலையில் புஷ்ஷின் நடு போல்ட்டை இறுக்கினால், ரப்பர் அந்தக் கோணத்தையே தன் ஓய்வுநிலையாகப் பிடித்துக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே வரும். ரப்பர் நின்ற இடத்திலேயே முறுக்கேறி நிற்கும். கார் ஓடாமல் நிறுத்தியிருக்கும்போதுகூட அந்த முறுக்கு விடாது. அதற்கு மேல் ஒரு பள்ளத்திலும் விழுந்தால் எல்லை தாண்டிவிடும். கிழியாமல் என்ன செய்யும்?

சரியான முறை இது: லிஃப்டில் எல்லா போல்ட்டையும் கையளவில் மட்டும் பிடித்துவிட்டு, சக்கரங்கள்மீது காரின் எடை வந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைத்துக் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பிஎம்டபிள்யூவின் பழுதுபார்ப்பு முறையில் முன் இருக்கைகளில் ஆளுக்கு 68 கிலோ என்று எடை வைத்து, டாங்க்கை நிரப்பி, கார் வழக்கமாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மணல்மூட்டை வைத்தாலும் சரி, இரண்டு பேரை உட்காரவைத்தாலும் சரி. நான்கு தூண் லிஃப்டோ, கீழே இறங்கி நிற்கும் பள்ளமோ உள்ள பட்டறையில் இது சுலபம். இரண்டு தூண் லிஃப்ட் மட்டும் இருந்தால், சக்கர முனையை ஜாக்கியால் அந்த உயரத்துக்குத் தூக்கி இறுக்கலாம். தனிப் புஷ்ஷை பிரஸ்ஸில் ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: திரவப் புஷ்ஷுக்குத் திசை உண்டு, அதன் குறி ஆர்மோடு ஒத்துவர வேண்டும். கழற்றிய லாக் நட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது, புதியதுதான் வேண்டும். வேலையை விடுவதற்கு முன் உரிமையாளர் கேட்கவேண்டிய ஒரே கேள்வி, “கடைசி டைட் தரையில வெச்சுக் கொடுப்பீங்களா?”

பூட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். எம்3 ஆர்ம் போட்டவர்கள் அதைச் செய்யாமல் பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது. கேம்பர் மாறும்போது, மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவான டோவும் மாறும், டோ தவறினால் புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் கரைந்துவிடும். டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈ90 பெரும்பாலும் ரன்-ஃபிளாட் டயரோடு விற்கப்பட்டது. காற்றுப் போனாலும் ஓடவேண்டும் என்பதால் அதன் பக்கச்சுவர் கெட்டியானது. கெட்டியான புஷ்ஷும் கெட்டியான டயரும் சேர்ந்தால் நம் சாலையில் முதுகு வலிக்கும். புஷ்ஷை மேம்படுத்துபவர்கள் சாதாரண டயருக்கு மாறிக்கொண்டு, பங்சர் கிட்டையோ ஸ்டெப்னியையோ டிக்கியில் வைத்துக்கொள்வது நல்லது.

அலைன்மென்ட் மெஷின் கொடுக்கும் தாளைக் காரிலேயே பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த முறை பரிசோதிக்கும்போது, எங்கும் பெரிய பள்ளத்தில் விழாமலேயே ஒரு பக்கத்து டோ மட்டும் நகர்ந்திருந்தால், உடனே காரை லிஃப்டில் ஏற்றி அந்தப் பக்கத்துப் புஷ்ஷைப் பார்க்கலாம். ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே அந்த எண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.